வரைபடத்தை 1996இல் தொடங்காதீர்கள்

என் மகள் பதினோராம் வகுப்பு. பள்ளி விவாதக் குழுவில் இருக்கிறாள். இந்த ஆண்டு முதல் பருவத்தில் அவளுக்கு வந்த தலைப்பு, "கடுமையான துப்பாக்கிச் சட்டங்கள் வன்முறைக் குற்றங்களைக் குறைக்கும்." சீட்டுக் குலுக்கியதில் எதிர்த் தரப்பு விழுந்துவிட்டது. போண்டைக் கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவுக்குக் கூடியவர்களில் 15 பேரைச் சுட்டுக் கொன்றது 2025 டிசம்பர் 14ஆம் தேதி. அந்தக் காயம் ஆறாத சிட்னியில் போய் இதை எதிர்த்துப் பேச வேண்டும். "நான் எப்படிப்பா அங்க நிக்கிறது?" என்று கேட்டாள்.

நான் மேற்கு சிட்னியில் கணக்கு வாத்தியார். மேல் வகுப்புகளுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், சாப்பாட்டு மேசையில், ஒரு கட்டம் போட்ட நோட்டும் கால்குலேட்டருமாக உட்கார்ந்தோம். அப்போது செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது விவாதத்துக்குப் போனாலும் சரி, வாட்ஸ்அப்பில் மாமா ஒருவர் "ஆஸ்திரேலியாவைப் பார்" என்று ஒரு படத்தை அனுப்பினாலும் சரி, இதே வழியில் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் தலைப்பைப் பிரிக்க வேண்டும். "துப்பாக்கிச் சட்டம்" என்று ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. ஒவ்வொரு சட்டத்துக்கும் உள்ளே பல பாகங்கள் இருக்கும். நாங்கள் ஆஸ்திரேலியாவின் 1996 சட்டத்தையே எடுத்துக்கொண்டோம், உலகமே மேற்கோள் காட்டுவது அதைத்தான் என்பதால். 1996 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் என்ற பழைய சிறைச்சாலைச் சுற்றுலாத் தலத்தில் ஒருவன் 35 பேரைக் கொன்றான். ஜான் ஹோவர்ட் பிரதமராகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பன்னிரண்டே நாளில், மே 10ஆம் தேதி, எல்லா மாநிலங்களின் காவல்துறை அமைச்சர்களும் தேசிய துப்பாக்கி உடன்பாட்டுக்குச் சம்மதித்துவிட்டார்கள். இந்த நாட்டில் ரயில் தண்டவாளத்தின் அகலத்திலேயே மாநிலங்கள் ஒத்துப்போகாமல் நூறு வருஷம் ஓட்டியிருக்கின்றன. அந்தக் கணக்கில் இது பெரிய அதிசயம்.

நோட்டில் அந்த உடன்பாட்டின் பாகங்களை எழுதச் சொன்னேன். செமி ஆட்டோமேட்டிக் (ஒரு குண்டு சுட்டதும் அடுத்தது தானே ஏறிக்கொள்ளும்) ரைபிள், செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன், பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் ஆகியவற்றுக்குச் சில விலக்குகள் தவிரத் தடை. லைசென்ஸ் வாங்கத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு என்பது காரணம் ஆகாது. எல்லாத் துப்பாக்கியும் பதிவாக வேண்டும். வாங்குமுன் 28 நாள் காத்திருக்க வேண்டும். வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். இதோடு, தடை செய்யப்பட்டவற்றை அரசே விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. அந்தப் பணத்துக்காக மெடிகேர் என்ற பொது மருத்துவக் காப்பீட்டு வரியை ஒரே ஒரு ஆண்டு மட்டும் 1.5 விழுக்காட்டிலிருந்து 1.7 ஆக உயர்த்தினார்கள். ஏறக்குறைய 6,50,000 துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஒன்று புரியும். பட்டப்பகலில் பெட்ரோல் பங்கில் கத்தி காட்டிக் கொள்ளையடிப்பவனை இது தொடாது. சனிக்கிழமை இரவு பப் வாசலில் குடித்துவிட்டு அடித்துக்கொள்பவர்களையும் தொடாது. ஆனால் "வன்முறைக் குற்றம்" என்று அரசு வெளியிடும் எண்ணில் பெரும்பகுதி இப்படிப்பட்ட அடிதடிதான். ஆஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு பதிவான அடிதடி வழக்குகள் கூடின. "சட்டம் வந்தது, குற்றம் ஏறியது" என்று சுற்றும் செய்திகளுக்கு மூலம் அதுதான். அந்த வழக்குகளில் துப்பாக்கி இருந்தது மிக அரிது என்பதைச் செய்தி சொல்லாது.

ஆகவே நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, கூட்டக்கொலை. இரண்டு, துப்பாக்கியால் நடந்த மற்ற கொலை. மூன்று, துப்பாக்கியால் நடந்த தற்கொலை. நான்கு, மீதி வன்முறை எல்லாம். யார் எந்த எண்ணைக் காட்டினாலும் அது எந்தப் பத்தி என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும், ஒருவர் முதல் பத்தியைப் பற்றியும் இன்னொருவர் நான்காவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். மூன்றாவது குற்றமே இல்லையே என்று மகள் கேட்டாள். உண்மைதான். இருந்தாலும் அதை விடக் கூடாது, ஏன் என்று கீழே வருகிறது.

அடுத்தது வரைபடம். இங்கே என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் வகுப்பில் துப்பாக்கிக் கொலை வரைபடம் ஒன்றைத் திரையில் போட்டேன். 1996இல் உச்சி, அங்கிருந்து சறுக்குமரம் போல இறக்கம். "சட்டத்தின் விளைவைப் பாருங்கள்" என்றேன். கடைசி வரிசையில் ஒரு பையன். அவன் அப்பா டப்போ பக்கம் ஆடு வளர்ப்பவர். பையனுக்கு எட்டு வயதிலிருந்தே துப்பாக்கி பழக்கம். "சார், ஏன் 1996இலிருந்து ஆரம்பிக்குது?" என்று கேட்டான். சட்டம் வந்த ஆண்டு அது என்றேன். "35 பேர் செத்த ஆண்டும் அதுதானே சார்?" என்றான். மணி அடித்தது, பிழைத்தேன்.

அவன் கேட்டது எவ்வளவு சரி என்பதற்கு டாஸ்மேனியாவை வைத்துக் கணக்கு போடுங்கள். அப்போது அங்கே மக்கள்தொகை சுமார் 4,74,000. அந்த ஒரு மதியத்தில் இறந்த 35 பேர் மட்டுமே லட்சத்துக்கு 7க்கு மேல். நாடு முழுவதற்கும் எல்லாவகைக் கொலையும் சேர்ந்து 1990களில் லட்சத்துக்கு இரண்டுக்கும் கொஞ்சம் கீழே. அப்படிப்பட்ட ஆண்டை முதல் புள்ளியாக வைத்தால் அதற்கு அடுத்த எந்த ஆண்டும் இறங்கித்தான் இருக்கும். சட்டமே போடாமல் எல்லாரும் வீட்டில் தூங்கியிருந்தாலும் இறங்கியிருக்கும். கூட்டக்கொலைக்குப் பின் வரும் எல்லாச் சட்டத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. மிக மோசமான ஆண்டில்தான் சட்டம் பிறக்கிறது.

எனவே வரைபடத்தின் இடது ஓரத்தை வெகுதூரம் பின்னால் தள்ளுங்கள். நாங்கள் 1979இல் தொடங்கினோம். அப்படித் தொடங்கினால் வேறு கதை தெரியும். துப்பாக்கிச் சாவு சட்டத்துக்கு முன்பே இறங்கிக்கொண்டிருந்தது. 2016இல் சைமன் சாப்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுப்படி, 1979 முதல் 1996 வரை ஆண்டுக்கு 3 விழுக்காடு இறக்கம். 1997 முதல் 2013 வரை ஆண்டுக்கு 4.9 விழுக்காடு. கேட்பதற்கு ரொம்பச் சின்ன வித்தியாசம் போல இருக்கும். கால்குலேட்டரை எடுங்கள். 100 சாவில் தொடங்கி 17 ஆண்டு 3 விழுக்காடாகக் குறைத்தால் 60இல் நிற்கும். 4.9 ஆகக் குறைத்தால் 43. சட்டத்துக்குப் பெருமை சேர்க்க நினைப்பவர் உரிமை கொண்டாடக் கூடியது அதிகபட்சம் இந்த 60க்கும் 43க்கும் இடைப்பட்டதைத்தான். 100க்கும் 43க்கும் இடைப்பட்டதை அல்ல. சட்டத்துக்கு முன்பிருந்த கோட்டை அப்படியே நீட்டி வரைந்து, அதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை மட்டும் அளக்க வேண்டும். வகுப்பில் இதை ஸ்கேல் வைத்து வரையச் சொல்வேன். மானிட்டரில் பார்ப்பதைவிடக் கையால் வரைந்தால் மனதில் நிற்கும்.

அந்த இடைவெளியையும் முழுசாகக் கொடுத்துவிட முடியாது. அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. துப்பாக்கி இல்லாமல் நடந்த கொலையும் தற்கொலையும் 1996 வரை ஏறிக்கொண்டிருந்து, அதன் பிறகு இறங்கத் தொடங்கின. துப்பாக்கிச் சட்டம் கத்தியையும் கயிற்றையும் எப்படிக் குறைக்கும்? ஆகவே அந்த ஆண்டுகளில் வேறு ஏதோவும் சேர்ந்தே மாறியிருக்கிறது. இதனால் இறக்கத்தைச் சட்டத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். சாப்மன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பல ஆண்டு போராடியவர். அவரே அப்படி எழுதியதால் எனக்கு அந்தத் தாள் மேல் மரியாதை கூடியது.

மகளுக்கு இந்த இடம் வந்ததும் முகம் மலர்ந்தது. எதிர்த் தரப்புக்குத் தீனி கிடைத்துவிட்டதல்லவா! கொஞ்சம் பொறு என்றேன்.

முதல் பத்திக்கு வந்தோம், கூட்டக்கொலை. ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனை ஒட்டிய வணிக வளாகத்துக்குள்ளே 1991 ஆகஸ்டில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். ஹோம்புஷ் தமிழ்க் கடைக்குப் போகும் வழியில் எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறேன். பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். அதற்கு முன் 1987இல் மெல்பர்ன் ஒரே நகரத்தில் இரண்டு சம்பவம், ஹாடில் தெருவிலும் குவீன் தெருவிலும். ஐந்து பேரோ அதற்கு மேலோ இறந்தது என்ற வரையறையில் 1979 முதல் 1996 வரை 18 ஆண்டில் 13 சம்பவங்கள். அதன்பின் பத்தரை ஆண்டில் ஒன்றுகூட இல்லை.

இதைச் சோதிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. 13ஐ 18ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 0.72. பத்தரை ஆண்டில் ஏழோ எட்டோ எதிர்பார்க்கலாம். ஏழரை எதிர்பார்க்கும் இடத்தில் தற்செயலாகச் சுழியம் விழ எவ்வளவு வாய்ப்பு? அரிதான சம்பவங்களின் வாய்ப்பைக் கணிக்கும் பாய்சான் சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 2000இல் ஒன்று. வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவது கஷ்டம். ஆனால் இந்தச் சூத்திரம் ஒவ்வொரு சம்பவமும் மற்றதோடு தொடர்பில்லாதது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு கூட்டக்கொலைச் செய்தி இன்னொருவனைத் தூண்டுவதும் உண்டு. அதனால் 2000 என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டு ஆட வேண்டாம்.

இங்கே வரையறையை மாற்றிப் பார்ப்பதும் அவசியம். இதைச் செய்யாமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள். 2018 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆஸ்மிங்டன் பண்ணை வீட்டில் ஒரு குடும்பத்தில் ஆறு பேரைச் சுட்டுவிட்டுச் சுட்டவரும் இறந்தார். 2019 ஜூனில் டார்வினில் நான்கு பேர். ஐந்து என்று கோடு போட்டால் டார்வின் கணக்கில் வராது, நான்கு என்றால் வரும். அமெரிக்காவில் இது இன்னும் மோசம். ஒரு பட்டியல் நான்கு பேர் இறந்தால்தான் சேர்க்கும், இன்னொன்று நான்கு பேருக்குக் குண்டு பட்டாலே சேர்க்கும். ஒன்றில் ஆண்டுக்குச் சில டஜன், மற்றதில் பல நூறு. இரண்டும் ஒரே பெயரில் செய்தித்தாளில் வரும்.

அடுத்து, பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். சட்டம் போடாத ஒரு இடத்தோடு ஒப்பிடாமல் பேசினால் அது பாதிப் பேச்சு. எதிர்த் தரப்பு எப்போதும் நியூசிலாந்தை இழுக்கும். அங்கே 1996இல் ஆஸ்திரேலியா மாதிரித் தடை இல்லை. ஆனாலும் 1997 பிப்ரவரியில் ராவுரிமுவில் ஆறு பேர் இறந்த பின், 2019 மார்ச் 15 வரை பெரிய கூட்டக்கொலை இல்லை. அப்படியானால் தடை எதற்கு என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் நியூசிலாந்தின் மக்கள்தொகை ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒரு பங்கு. சின்ன ஊரில் நீண்ட அமைதி என்பது பெரிய ஊரின் அமைதி அளவுக்குச் சாட்சி சொல்லாது. கடைசியில் கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேர் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளால் கொல்லப்பட்டார்கள், சுட்டவன் ஆஸ்திரேலியன். ஒரு மாதத்துக்குள் அங்கேயும் தடை வந்தது. நாடாளுமன்றத்தில் ஆதரவு 119, எதிர்ப்பு 1. அதோடு ஒப்பீட்டுக்கு இருந்த நாடும் போய்விட்டது. ஆய்வாளர்களுக்கு அது நஷ்டம்தான்.

ஒப்பிட வெளிநாடு இல்லாவிட்டால் உள்நாட்டுக்குள்ளேயே ஒப்பிடலாம். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆண்ட்ரூ லீ, கிறிஸ்டின் நீல் இருவரும் 2010இல் செய்தார்கள். (லீ பொருளாதாரப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர்.) எல்லா மாநிலத்திலும் ஒரே அளவு துப்பாக்கி திரும்பி வரவில்லை. தலைக்கு அதிகம் வந்தது டாஸ்மேனியாவில். சட்டம் வேலை செய்திருந்தால், அதிகம் வாங்கிய மாநிலத்தில் சாவும் அதிகம் குறைந்திருக்க வேண்டுமே? மருந்து கூடினால் குணமும் கூட வேண்டும், அவ்வளவுதான் தர்க்கம். துப்பாக்கியால் நடந்த தற்கொலை ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்ததாக அவர்கள் கணக்கு சொன்னது. கொலையில் விளைவு அவ்வளவு உறுதியாக வரவில்லை. 80 அதிகம் என்று வாதிடுபவர்கள் உண்டு, எனக்கும் அது சற்று அதிகமாகப் படுகிறது. ஆனால் திசை இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. மூன்றாவது பத்தியை விடாதே என்று மகளிடம் சொன்னது இதற்காகத்தான். கூட்டக்கொலையைத் தடுக்கப் போட்ட சட்டம், யாரும் டிவியில் பேசாத பண்ணை வீட்டு அறைகளில் அதிக உயிரைக் காத்திருக்கலாம்.

மறுபக்கத்து ஆய்வுகளையும் படித்தோம். ஜீனின் பேக்கரும் சமாரா மெக்ஃபெட்ரனும் 2007இல், துப்பாக்கிக் கொலையில் சட்டத்தின் தாக்கம் தெரியவில்லை என்றார்கள். இருவரும் துப்பாக்கி வைத்திருப்போர் அமைப்புகளோடு தொடர்புள்ளவர்கள். மெல்பர்னைச் சேர்ந்த லீயும் சுவார்டியும் (இது வேறு லீ) நீண்ட காலத் தரவில் 1996ஐ ஒட்டி முறிவு ஏதும் தெரிகிறதா என்று தேடி, இல்லை என்றார்கள். மகள் கேட்டாள், "ஒரு பக்கம் சாப்மன், இன்னொரு பக்கம் இவங்க, யாரை நம்பறது?" ஆள் யார் என்று பாருங்கள், ஆனால் அதை வைத்து மட்டும் தாளைக் கிழிக்காதீர்கள். நான் சொல்லிக்கொடுத்தது வேறு. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் கோட்டில், எண்கள் சிறிதாக இருக்கும்போது, "தாக்கம் தெரியவில்லை" என்பதும் "தாக்கம் இல்லை" என்பதும் ஒன்றல்ல. மங்கலான எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை என்றால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

பிரிட்டனுக்குப் போகிறவர்கள் கவனமாகப் போக வேண்டும், அங்கே குழிகள் அதிகம். 1996 மார்ச் 13 அன்று டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். 1997இல் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. அதற்குப் பிறகு கைத்துப்பாக்கிக் குற்றங்கள் சில ஆண்டுகள் கூடின என்பது உண்மை, எதிர்த் தரப்பின் செல்லப்பிள்ளை அந்த எண். ஆனால் டன்பிளேன் இருப்பது ஸ்காட்லாந்தில். காட்டப்படும் எண் பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ் உடையது. ஸ்காட்லாந்தின் குற்றக் கணக்கு அதோடு ஒரே புத்தகத்தில் வருவதில்லை. குற்றத்தை எண்ணும் விதியும் 1998இலும் 2002இலும் மாறியது. அப்புறம், என் வகுப்பில் எந்தக் கூச்சலையும் அடக்கும் உதாரணம் ஒன்று உண்டு. 2003 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸின் கொலை எண்ணிக்கை திடீரென்று ஏறியிருக்கும். தடைக்குப் பின் கொலை கூடியது என்று சிலர் அந்த உச்சியைக் காட்டுவார்கள். அதில் 170க்கும் மேற்பட்டவை ஹரோல்ட் ஷிப்மன் என்ற மருத்துவர் இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் தன் நோயாளிகளுக்கு ஊசி போட்டுச் செய்த கொலைகள். விசாரணை அறிக்கை வந்த பின் மொத்தமாக அந்த ஆண்டில் எழுதினார்கள். ஒரு துப்பாக்கிகூட அதில் இல்லை.

அமெரிக்காவைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, அங்கே மாநில எல்லையைக் காரில் தாண்டினால் சட்டம் மாறிவிடும். ஒன்று மட்டும். 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கூட்டக்கொலையில் இறந்தவர்கள் மிகச் சிறு பங்கு. அப்படியிருக்க, சம்பவம் நடந்ததும் எழும் குரல் பெரும்பாலும் ரைபிள் தடை பற்றியது. அங்கே கொலைகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடக்கின்றன. கனெக்டிகட் 1995இல் கைத்துப்பாக்கி வாங்க அனுமதிச் சீட்டும் பயிற்சியும் கட்டாயமாக்கியது. துப்பாக்கிக் கொலை 40 விழுக்காடு குறைந்தது என்று ஒரு ஆய்வு சொன்னது, நீண்ட காலத்துக்குப் பார்த்த பிந்தைய ஆய்வு 28 என்றது. 40ஐ மட்டும் சொல்பவரிடம் மற்றதைக் கேளுங்கள்.

போண்டைக்கு வருகிறேன். சுட்டவர்கள் ஒரு அப்பாவும் மகனும். அப்பாவிடம் முறையான லைசென்ஸ் இருந்தது. ஆறு துப்பாக்கிகள் அவர் பெயரில் பதிவாகியிருந்தன. 1996 சட்டம் தோற்றுவிட்டது என்று சிலர் எழுதினார்கள். என் பார்வையில், அந்தச் சட்டம் எந்த வகைத் துப்பாக்கி என்று கேட்டது, எத்தனை என்று கேட்கவில்லை. இன்று நாட்டில் பதிவான துப்பாக்கிகள் 40 லட்சத்துக்கு மேல், 1996க்கு முன் இருந்ததாக மதிப்பிட்டதைவிட அதிகம். இந்த எண்ணும் ஒரு கண்ணி. அப்போது மக்கள்தொகை 1.8 கோடி, இப்போது 2.7 கோடிக்கு மேல். தலைக்கு வகுத்தால் கூடவில்லை. நியூ சவுத் வேல்ஸ் அதே டிசம்பரில் ஒருவர் எத்தனை வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டியது. அது வேலை செய்ததா என்று அடுத்த ஆண்டே கேட்டு யாராவது வரைபடம் போட்டால், அதன் இடது ஓரத்தில் 2025 இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

மகள் கடைசியில் எழுதிக்கொண்டு போன வாக்கியம் இது: "1996 சட்டம் கூட்டக்கொலையையும் தற்கொலையையும் குறைத்திருக்க வாய்ப்பு அதிகம், பொதுவான வன்முறைக் குற்றத்தைக் குறைத்தது என்பதற்கு ஆதாரம் பலவீனம்." எதிர்த் தரப்புக்கு இது போதுமா என்று பயந்தாள். தலைப்பில் இருப்பது வன்முறைக் குற்றம் என்ற சொல்தானே, தாராளமாகப் போதும் என்றேன்.

எதிரே பேசிய பையன் வரைபடம் ஒன்றைத் தூக்கிக் காட்டினானாம். எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று இவள் கேட்க, அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஷிப்மன் கதையையும் சொல்லியே தீருவேன் என்று நின்று, நேரம் மீறி, மதிப்பெண் போய், இரண்டு புள்ளியில் தோற்றுவிட்டு வந்தாள்.